இரண்டு பேருக்கு மூன்று லிட்டர்: புது குக்கரோடு ஒரு வாரம்

மகளுக்கு இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வந்துவிட்டாள். இந்தத் தடவை பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் என் மனைவி பெங்களூருக்குக் கிளம்பிப் போனாள். திருச்சி வீட்டில் நானும் எண்பத்திரண்டு வயது அம்மாவும் மட்டும். எனக்கு 54 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ரசம் தாளிப்பேன், முட்டை அவிப்பேன். சமையல் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் மெஸ்ஸில் வாங்கினோம். ருசியில் குறையில்லை. ஆனால் இரண்டு பேர் பார்சலில் சோறு மூன்று பேருக்குக் காணும், பொரியல் ஒரு ஆளுக்குக் காணாது. அம்மாவுக்கு அந்தச் சோறு விறைப்பு. பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு மோரில் ஊறப்போட்டுச் சாப்பிடுவாள். நானோ கிடைத்த சோற்றையெல்லாம் வீணாக்கக் கூடாது என்று தின்று தீர்த்தேன். பதினைந்தாம் நாள் வெறும் வயிற்றில் சர்க்கரை 168. சரி, இனி வீட்டில்தான் சமையல் என்று முடிவெடுத்தேன்.

வீட்டில் ஏற்கெனவே ஏழரை லிட்டர் அலுமினியக் குக்கர் இருக்கிறது. தீபாவளிக்குப் பத்துப் பேர் வந்தாலும் தாங்கும். அதில் முக்கால் டம்ளர் அரிசி வைத்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. சூடேற ஒரு யுகம், ஆற இன்னொரு யுகம். நான் ஆபீஸ் போன பிறகு அம்மாவால் அதன் மூடியைத் திறக்கக்கூட முடியாது. அதனால்தான் சின்னதாக ஒன்று வாங்கப் போனேன்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. எவர்சில்வர், மூன்று லிட்டர், வெளிமூடி, இண்டக்‌ஷனிலும் வைக்கலாம் என்ற அடிப்பாகம். 2,350 ரூபாய். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இரண்டு அடுக்குப் பாத்திரங்களுக்குத் தனியாக 420 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பிராண்டு பெயரைப் போடப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள், திட்டினால் அந்தக் கம்பெனிக்காரர் ஒரே ஒரு குக்கரை வைத்து எழுதிவிட்டேன் என்பார். இரண்டும் நியாயம்தான். பெயர் எதுவானாலும் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: மூடியிலோ அடியிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து அந்த முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை விற்பதே சட்டப்படி தவறு. ஆவியை அடைத்து வைக்கிற பாத்திரத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பிரித்ததும் அம்மா கேட்டாள், "என்னடா இது, சொப்புச் சாமானா?"

சமையலுக்கு முன்னால் காய்கறிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது முக்கியம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு பயறு வகை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 400 கிராம் என்று படிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தென்னூர் உழவர் சந்தையில் நின்று கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 800 கிராம், வாரத்துக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல். என் மனைவி வாரா வாரம் அந்த இரண்டு கட்டைப்பைகளை ஏன் தூக்கி வருகிறாள் என்று இருபத்தெட்டு வருடம் கழித்துப் புரிந்தது. அம்மா என் அளவுக்குச் சாப்பிட மாட்டாள் என்று நான்கரைக் கிலோவோடு நிறுத்திக்கொண்டேன்: சுரைக்காய், அவரை, கத்தரி, முருங்கைக்காய், வாழைத்தண்டு, பூசணிக் கீற்று, இரண்டு கட்டுக் கீரை, அப்புறம் ஒரு சீப்புப் பூவன்.

திங்கட்கிழமை, முதல் பரீட்சை. குக்கரின் அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர், அதில் துளைத்தட்டு. கீழ் அடுக்கில் அரை டம்ளர் பாசிப்பருப்பும் சுரைக்காய்த் துண்டும் மஞ்சள் தூளும். மேல் அடுக்கில் முக்கால் டம்ளர் மணச்சநல்லூர் பொன்னி, இரண்டு டம்ளர் தண்ணீர். எங்கள் டம்ளரில் தலைதட்டி அளந்தால் அரிசி 150 கிராம், ஆகவே முக்கால் டம்ளர் என்பது 110 சொச்சம். அது இரண்டு பேருக்கு மதியச் சோறு. மெஸ் பார்சலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அர்ச்சனைத் தட்டு அரிசி மாதிரி தெரிந்தது.

பழக்கதோஷத்தில் அடித்தண்ணீரில் கொஞ்சம் புளி போட்டேன். அலுமினியக் குக்கர் உள்ளே கறுத்துப் போகாமல் இருக்கப் புளியோ, பிழிந்த எலுமிச்சை மூடியோ போடுவார்கள் இல்லையா, அது. எவர்சில்வருக்கு அது தேவையில்லை. அம்மா பார்த்துவிட்டு, "அதுக்கும் ரசம் வைக்கிறியாடா?" என்றாள்.

மூடி போட்டு, ஆவி நேராகச் சீறி வந்த பிறகு வெயிட்டைப் போட்டேன். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்து எட்டு நிமிடம். அணைத்தபின் தானாக இறங்கட்டும் என்று பத்து நிமிடம். திறந்தால் சோறு பூப்போல இருந்தது என்று எழுத ஆசைதான். கூழாக இருந்தது. மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாகத் திரும்ப மேல் அடுக்கில்தான் விழுகிறது. அடுக்குப் பாத்திரத்துக்கு மூடி கொடுக்கவில்லை. 420 ரூபாய்க்கு ஒரு மூடி சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அடுத்த நாளிலிருந்து ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன், தண்ணீரையும் கால் டம்ளர் குறைத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு அந்தத் திங்கட்கிழமைக் குழைசல்தான் பிடித்தது. ஒரு வாய்கூட மோரில் ஊறவில்லை.

கீழே வெந்த பருப்பிலும் சுரைக்காயிலும் தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்துவிட்டால் கூட்டு. பக்கத்து அடுப்பில் ரசம். காலை ஆறரைக்கு அடுப்படிக்குப் போய் ஏழு இருபதுக்கு வெளியே வந்துவிட்டேன். அதில் குக்கரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததே இருபது நிமிடம். இந்த மூன்று லிட்டரை நான் மெச்சுவது இதற்காகத்தான். வேகமாக வேகவைக்கிறது என்பது எல்லாக் குக்கருக்கும் உள்ள குணம். இது சின்னதாக இருப்பதால் கொஞ்சமாகச் சமைக்க விடுகிறது. பெரிய பாத்திரம் இருந்தால் கை தானாக ஒரு பிடி கூடப் போடுகிறது. இதில் போட முடியாது, இடமில்லை.

செவ்வாய்க்கிழமை துவரம்பருப்பு வேகவில்லை. முதல் நாள் மாதிரியே எட்டு நிமிடம். திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கல்லுக்கல்லாக நிற்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் வைத்தேன். மேலே சோறு களியாகிவிட்டது, கீழே பருப்பு அசையவில்லை. குக்கரைத்தான் சந்தேகப்பட்டேன். பில்லை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், சாயங்காலம் கடைக்குப் போய்ச் சத்தம் போட. அம்மா ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "எந்தத் தண்ணிடா ஊத்துனே?"

அன்று காலை காவிரித் தண்ணீர் வரவில்லை. போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருந்தேன்.

"போர் தண்ணியில பருப்பு வேகுமாடா? உப்புத் தண்ணி!"

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அவள் சொன்னது அப்படியே உண்மை. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் கரையாது. புளியும் இதே வேலையைச் செய்யும். சாம்பாருக்குப் பருப்பு வெந்தபின் புளி ஊற்றுவது அதற்காகத்தான். பில் சட்டைப் பையிலேயே இருந்து துவைக்கும்போது கூழாகிவிட்டது. குக்கருக்கு நான் ஒரு மன்னிப்பு பாக்கி. மறுநாளிலிருந்து சமையலுக்கென்று ஒரு குடம் காவிரித் தண்ணீர் தனியாக எடுத்து வைத்தேன். துவரம்பருப்பை இருபது நிமிடம் ஊறவும் போட்டேன், சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வெந்தன.

விசில் கணக்கு பற்றியும் அம்மாவுக்கும் எனக்கும் தகராறு. அவள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எண்ணுவாள்: "ரெண்டு ஆச்சுடா... மூணு ஆச்சு, அணை." நான் கடிகாரம் பார்க்கிறவன். உள்ளே அழுத்தம் முழுசாக ஏறிவிட்டால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் வெப்பம் ஏறாது. அதிகப்படியான ஆவியை வெயிட் தூக்கி வெளியே விட்டுவிடும், அதுதான் விசில். அதாவது விசில் வர வர, காசு கொடுத்த கேஸ் சத்தம் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே போகிறது. பெரிய தீயில் மூன்று விசில் நாலு நிமிடத்தில் வரும், சிம்மில் பதினைந்து நிமிடம் ஆனாலும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் "மூணு விசில்" உங்கள் வீட்டில் செல்லாது. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப எத்தனையாவது?" என்றாள்.

புதன்கிழமைதான் விபரீதம். அன்று அடுக்கெல்லாம் வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வரகரிசி சாம்பார் சாதம் செய்துவிட்டால் ராத்திரிக்கும் ஆகும் என்று நினைத்தேன். வரகு ஒன்றரை டம்ளர், ஊறிய துவரம்பருப்பு அரை டம்ளர், கத்தரி, முருங்கைக்காய், அவரை, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தண்ணீர் ஆறு டம்ளர். மூடும்போதே விளிம்புக்குக் கீழே மூன்று விரல்தான் இடமிருந்தது. கூடவே வந்த கையேட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள்: எதுவானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூடாது, பருப்பு, அரிசி மாதிரி நுரைத்துப் பொங்குகிற சாமானென்றால் பாதிக்கு மேல் கூடாது. நான் கையேட்டை வியாழக்கிழமை படித்தேன்.

ஆறாவது நிமிடம் விசிலுக்குப் பதிலாக ஒரு கனைப்புச் சத்தம். வெயிட் மேலே எழும்பி அப்படியே சாய்ந்து நிற்க, அதைச் சுற்றி மஞ்சள் நுரை பொங்கி மூடியெல்லாம் வழிந்தது. பிறகு பீய்ச்சியது. ஓடிப்போய் அடுப்பை அணைப்பதற்குள் சுவர் டைல்ஸில் ஓர் ஆள் உயரத்துக்கு மஞ்சள் புள்ளி. ஜன்னல் கம்பியில், எண்ணெய்த் தூக்கில், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் நல்ல நேரத்தின்மேல் என்று எல்லாவற்றிலும் சாம்பார். அம்மா கூடத்திலிருந்தே, "எண்ண விடாம என்னடா பண்றே?" என்றாள்.

அந்த நேரத்தில் செய்த ஒரே நல்ல காரியம், மூடியைத் திறக்க முயற்சி செய்யாதது. அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. மூடியைக் கழற்றி, வெயிட் உட்காரும் அந்தச் சின்னக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் தெரிய வேண்டும், தெரியவில்லை. ஒரு வரகு, ஒரே ஒரு வரகு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, குழாயின் உள்வாயில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் பருப்புத் தோல் சவ்வு மாதிரி ஒட்டியிருந்தது. கோணி ஊசியால் குத்தி எடுத்தேன். அது நிஜமாகவே அடைத்து நின்றிருந்தால் பக்கத்திலிருக்கும் சேஃப்டி வால்வு உருகி ஆவியை விட்டிருக்கும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கட்டம் வரை போக வேண்டாம். அன்றிலிருந்து மூடும் முன் குழாய் வழியாக ஒரு தடவை ஜன்னலைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிவிட்டேன். எவர்சில்வர் குழாய்க்குள் ஒரு வட்ட வானம் தெரியும், அதில் தென்னை ஓலை நுனி. தெரிந்தால் மூடலாம்.

உள்ளே மிச்சமிருந்த சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வரகுக்குச் சாம்பாரை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ராத்திரிக்குள் இறுகிவிட்டது, வெந்நீர் ஊற்றித் தளர்த்திச் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை முருங்கைக்கீரை. இதற்குக் குக்கர் வேண்டாம் என்று தெரிந்தும் சோதித்துப் பார்த்தேன். பாதிக் கீரையைப் பருப்போடு அடுக்கில் வைத்தேன், பாதியை வாணலியில் திறந்தபடி வதக்கினேன். குக்கர்க் கீரை பழைய காக்கிச் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. கீரையில் உள்ள அமிலம் ஆவியோடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிப் பச்சையத்தைக் கெடுத்துவிடுகிறது. வாசனையும் அடைசல். வாணலிக் கீரை பச்சைப்பசேலென்று நாலு நிமிடத்தில் இறங்கியது. கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் குக்கர் பக்கம் போகாதீர்கள். வெந்தால் குழையும் பூசணியைக் கூட்டுக்கு மட்டும் வைக்கலாம், அதையும் மேல் அடுக்கில்.

வெள்ளிக்கிழமை காலை சாமைப் பொங்கல், அடுக்கில்லாமல் நேராக, இந்தத் தடவை பாதிக்குக் கீழேயே. சாமை ஒரு பங்கு, பாசிப்பருப்பு அரைப் பங்கு, தண்ணீர் நாலரைப் பங்கு. மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் உண்டு, நெய் மட்டும் ஒரு ஸ்பூன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து அளவில்லாமல் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அதுவும் மாவுச்சத்துதான். குழைய வேகவைத்தால் இன்னும் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறும். நான் ஒரு கரண்டிப் பொங்கல், ஒரு கிண்ணம் கத்தரிக்காய்க் கொத்சு என்று நிறுத்திக்கொண்டேன். மதியம் வாழைத்தண்டுப் பொரியல். நார் எடுத்து, விரலில் சுற்றி, மோர்த் தண்ணீரில் நறுக்கிப்போட்டுத் தந்தது அம்மாதான். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த வாரத்தில் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது அன்றுதான்.

சனிக்கிழமை கறுப்புக் கொண்டைக்கடலை. ராத்திரியே ஊறப்போட்டது, சிம்மில் இருபது நிமிடம். பாதி குழம்புக்கு, பாதி மாலைச் சுண்டலுக்கு. ஒரு வில்லங்கமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி அரைக் கிலோ. வாணலியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், மூன்று லிட்டரில் சிம்மில் இருபத்தைந்து நிமிடம். தட்டிய மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு ரசமாக வைத்தேன், மேல் அடுக்கில் சோறு. அடுக்கில் வைக்கும்போது கோழியின் வாசனை சோற்றிலும் ஏறிவிடுகிறது. எனக்கு அது ஆட்சேபமில்லை. அம்மா வெறும் சோற்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு ஒரு கரண்டி கூடக் கேட்டாள்.

இனி குறைகள். நிறைய இல்லை, இருப்பது எரிச்சல் மூட்டும்.

முதல் குறை, இதில் இட்லித் தட்டு நுழையாது. கடையில் "சின்ன ஸ்டாண்ட் வரும் சார்" என்றார்கள். தேடியதில் கிடைத்தது ஒரே தட்டு, நாலு குழி. நாலு இட்லி யாருக்கு? எங்களுக்குப் பழைய இட்லிக் கொப்பரை இருக்கிறது, தப்பித்தோம். இட்லிக்கும் சேர்த்து ஒரே பாத்திரம் வேண்டும் என்கிறவர்கள் ஐந்து லிட்டருக்குப் போங்கள்.

இரண்டாவது, அடுக்குப் பாத்திரத்துக்குக் காது கிடையாது, குக்கர் சுவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இடைவெளியும் சுண்டு விரல் அகலம்தான். இடுக்கி சாய்வாகத்தான் இறங்குகிறது. செவ்வாய்க்கிழமை களிச்சோறு ஒரு பக்கமாகச் சரிந்து அடித்தண்ணீரில் குளித்தது. ஒல்லி மூக்கு இடுக்கி ஒன்று அறுபது ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் நிம்மதி. அதையும் சேர்த்தால் மொத்தச் செலவு 2,830.

மூன்றாவது, எவர்சில்வரின் சுபாவம். அடியில் மட்டும் அலுமினியத் தகடு வைத்து அமுக்கியிருக்கிறார்கள், பக்கச் சுவர் மெல்லிசு. பெரிய பர்னரில் வைத்தால் தீ சுவரில் ஏறி, சாம்பார் சாதம் மாதிரி கெட்டியான சாமான் ஓரத்தில் பிடிக்கிறது. சின்ன பர்னரில்தான் வைக்க வேண்டும். அலுமினியக் குக்கரில் சூடு சமமாகப் பரவும் என்று பழைய ஆட்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் புளி போட்ட பண்டத்தை அதில் வைத்திருக்க முடியாது, இதில் வைக்கலாம்.

கேஸ்கட்டைப் பொறுத்தவரை புகார் இல்லை, அனுபவம் மட்டும் உண்டு. போன வருடம் பழைய குக்கருக்குத் தெருவோரம் பெயரில்லாத ஒரு கேஸ்கட் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, இரண்டே வாரத்தில் அது தொளதொளத்துப் பக்கவாட்டில் ஆவி விட்டது. அதனால் இதற்கு அதே கம்பெனிக் கேஸ்கட் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துவிட்டேன். சமைத்து முடித்ததும் கேஸ்கட்டைக் கழற்றித் தனியாகக் கழுவி ஆணியில் மாட்டுங்கள், மூடியிலேயே விட்டால் நாட்டுக்கோழி ரசம் மறுநாள் பாசிப்பருப்பில் வாசம் அடிக்கும். இதை நான் ஞாயிறு தாண்டித் திங்கட்கிழமை தெரிந்துகொண்டேன்.

கடைசிக் குறை கைப்பிடி. ஐந்தாம் நாளே ஸ்க்ரூ தளர்ந்து லொடலொடத்தது. முடுக்கினால் இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி தளர்கிறது. சூடான குக்கரைத் தூக்கும்போது கைப்பிடி அசைவது நல்ல உணர்ச்சி இல்லை. குக்கரைத் தூக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பத்துக்கு எட்டு கொடுத்திருப்பேன், இந்த ஒரு ஸ்க்ரூவுக்காக ஏழு.

சர்க்கரை என்ன ஆனது என்று கேட்பீர்கள். எட்டாம் நாள் வெறும் வயிற்றில் 139. இதைக் குக்கரின் சாதனை என்று எழுத மாட்டேன். சோறு பாதியாகக் குறைந்தது, காய் நாலு மடங்கானது, பார்சலுக்கு அலைந்த நேரத்தில் ஸ்ரீரங்கம் பாலம் வரை நடக்கவும் நேரம் கிடைத்தது. மூன்று மாத சராசரி பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

யார் வாங்கலாம்? வீட்டில் ஒருவர் இருவர் என்றால் தாராளமாக வாங்கலாம். மூன்றாவது ஆள் தினமும் சாப்பிடுவார் என்றால் போதாது. இரண்டு லிட்டரும் இருக்கிறது, ஆனால் அதில் இரண்டு அடுக்கு நிற்காது. அடுக்கு இல்லையென்றால் சோறு தனி, பருப்பு தனி என்று இரண்டு தடவை வைக்க வேண்டும். காலை ஏழு இருபதுக்கு அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது.

நேற்று வீடியோ காலில் மனைவிக்குக் குக்கரைக் காட்டினேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்தாள். குக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "என்னங்க, பின்னாடி டைல்ஸ்ல அது என்ன மஞ்சளா?" என்றாள். காலண்டரை நகர்த்தி மாட்டியிருந்தேன், போதவில்லை போலிருக்கிறது. அம்மா பக்கத்திலிருந்து, "அது புதன்கிழமை" என்று எடுத்துக் கொடுத்தாள்.

எழுந்து போய் அந்தக் கைப்பிடி ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ராத்திரிக்குக் கொள்ளு ஊறப்போடவும் மறக்கக் கூடாது, காவிரித் தண்ணீரில்.